களவுபோன பன்னிரண்டு காலங்கள்

அத்தியாயம் மூன்று

துப்பறிய மூளை வேண்டும் என்று சொன்னவர்கள் எவரும் கச்சான் என்ற சுடுகாற்று அடிக்கிற மாதத்தில் காத்தான்குடி ஒழுங்கைகளில் நடந்திருக்க மாட்டார்கள். மூளை மட்டும் இருந்தால் போதாது. முழங்காலும் வேண்டும். மேர்லினிடம் இருந்த இரண்டுமே காப்புறுதிக் கம்பனி ஒன்றில், எரிந்த கடைகளையும் மோதுண்ட வாகனங்களையும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவை. அந்த வேலையை விட்டு, மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் ‘விசாரணை அலுவலகம்’ என்று பலகை மாட்டியபோது, இனியாவது உட்கார்ந்து பிழைக்கலாம் என்று நம்பினாள். அன்றிலிருந்து அந்தப் பலகை மட்டும்தான் ஓய்வாக இருக்கிறது.

ஸ்கூட்டியை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்திய ஸுஹைனா, தலைக்கவசத்தைக் கழற்றாமலே திரும்பினாள். அலுவலகத்தின் ஒரே உதவியாள். இதே ஊர்க்காரி. வாய்க்குப் பூட்டுப் போடாமல் வளர்ந்தவள்.

“அக்கா, பன்னிரண்டு காலமும் களவு போயிற்றெண்டா நாம இப்ப எந்தக் காலத்தில நிக்கிறம்?”

“கஷ்ட காலத்தில,” என்றாள் மேர்லின். “இறங்கு.”

களவு போனது ஒரு துணி. வாவிக்கரையில் இருந்த ஒரு பொது மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அஞ்சலா ரீச்சர், தறியில் நெய்த தடித்த வெள்ளைத் துணியில் ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களையும் தன் கையால் எழுதிக் கீறிய படம். கதவளவு உயரம், அகலமும் கதவுக்குக் குறையாது. போன சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பார்த்தால் அதைக் காணவில்லை. மடிக்கணினி இருந்தது. மின்விசிறி இருந்தது. சுவர் மணிக்கூடுகூட ஓடிக்கொண்டிருந்தது. பூட்டும் உடைபடவில்லை. வகுப்பறைப் பூட்டின் திறப்பு இருந்தது டினோஷா என்ற பிள்ளையிடம். ஆகவே கள்ளி டினோஷாதான் என்று மண்டபக் குழு முடிவுக்கு வந்துவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம். டினோஷா போக வேண்டும், அல்லது வகுப்பு போக வேண்டும். அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ரீச்சர்தான் மேர்லினைக் கூப்பிட்டிருந்தார்.

மண்டபத்தைச் சுற்றியிருந்த வீடுகளையெல்லாம் காலையிலிருந்து ஏறி இறங்கியாயிற்று. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்தது, ஒரு வீட்டிலும் துப்புக் கிடைக்கவில்லை. மீதமிருந்தது மண்டபத்தின் மதிலோடு ஒட்டிய வீடு.

“இது நஸ்ஹாட வீடு,” என்று ஸுஹைனா குரலைத் தாழ்த்தினாள். “போன கிழமதான் மாப்பிள்ள மவுத்தாயிற்றார். நெஞ்சு வலியெண்டு சொன்னவராம், விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்ல. சின்ன வயசு. நஸ்ஹா இப்ப இத்தாவில இரிக்கா.”

மேர்லினுக்கு அது தெரியும். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டாள். அந்த வீட்டிலும் முன் அறையிலிருந்து உள்ளே போகும் வாசலில் நிலையிலிருந்து நிலம் வரைக்கும் வெள்ளைத் திரை ஒன்று தொங்கியது.

நஸ்ஹாவின் உம்மா அதற்கு முன்னால் கதிரை போட்டு அவர்களை இருத்தினாள்.

“உள்ளுக்கு வாங்கண்டு சொல்லணும். புள்ள ஓதுறா. குறை நினைக்காதீங்க.”

“பரவால்ல மாமி,” என்றாள் மேர்லின். அவளுக்குக் கதிரை கிடைத்ததே பெரிது. “மண்டபத்தில ஒரு சாமானக் காணல்ல. போன கிழமைக்குள்ள ஏதும் சத்தம், ஆள் நடமாட்டம்?”

“மவுத்து வீட்ல சத்தத்துக்கு என்னகா குறை? ஊரே வந்து போன. நாங்க எங்கட கண்ணீரையே துடைக்க நேரமில்லாம இரிந்தம்.”

சொல்லிக்கொண்டே அவள் கை போய்த் திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தது. காற்றுக்குத் துணி கொஞ்சம் அசைந்திருந்தது, அவ்வளவுதான். மேர்லின் தேத்தண்ணியைக் குடித்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு இருப்பது கண்ணுக்கு இதமாக இருந்தது. ஒரு நிமிடம் கண்ணயர்ந்தும் விட்டாள். ஸுஹைனா முழங்கையால் இடித்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: “கேஸ்ல நித்திரை கொண்ட முதல் துப்பறிவாளர் நீங்கதான் அக்கா.”

“முதலாவதா? நீ இந்தத் தொழிலுக்குப் புதுசு.”

மண்டபத்தில் டினோஷா நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மாங்கேணிக் கிராமத்துப் பிள்ளை. அஞ்சலா ரீச்சரின் வீட்டில் தங்கியிருந்து, வகுப்பு வேலைகளைச் செய்துகொண்டு, தானும் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்து படிப்பவள்.

“நான் எடுக்கல்ல மிஸ்,” என்றாள், யாரும் கேட்காமலே.

“நான் இன்னும் கேக்கல்ல. அந்தப் படத்த எப்பிடி வைப்பீங்க?”

“வகுப்பு முடியச் சுருட்டுவன். எழுத்து உள்ளுக்கு வாறமாதிரி. சுருட்டி ஸ்டோர் தட்டில வைப்பன். மற்ற நாள்ல சின்னப் பிள்ளையள் ஓத வருவாங்க. கை வெச்சா மை அழிஞ்சிரும்.” துணியைப் பிழிந்தாள். “மிஸ், வீட்டுக்குப் போகச் சொன்னாப் போறன். ஆனா கள்ளியெண்ட பேரோட மாங்கேணியில போய் இறங்க ஏலா. அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும்.”

மேர்லின், கரும்பலகையருகே நின்ற ரீச்சரிடம் போய், படம் எப்படி இருந்தது என்று கேட்டாள். 

அஞ்சலா ரீச்சர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார். மேலே நேற்று, நடுவில் இன்று, கீழே நாளை. ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்டி.

“பெயரப் பாடமாக்கினா மண்டைக்க நிக்காது. இவங்க எல்லாரும் ஆத்தங்கரைப் பிள்ளையள். அதால ஒரு தோணிக்காரன்ட கதையப் பன்னிரண்டு பெட்டிக்கையும் கீறினன். இந்தா, முதல் பெட்டி. நேத்துப் போனான். போனது போயிற்று, சிம்பிள் பாஸ்ட். அதுக்குக் கீழ, நடு வரியில மூண்டாவது பெட்டி, பிரசன்ட் பெர்பெக்ட். தோணி கரைக்கு வந்திற்று. வேலை முடிஞ்சுதான். ஆனா கை இன்னும் ஈரம்.”

“அவ்வளவுதானா? எனக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு வருசம் விளங்கல்ல,” என்றாள் மேர்லின்.

“அவ்வளவுதான் மிஸ். முடிஞ்ச வேலை, ஆனா அதின்ட ஈரம் இப்பவும் இருக்கு. எப்ப முடிஞ்ச எண்டு சொல்லத் தேவையில்ல. ஈரத்தக் காட்டினாப் போதும்.”

“அப்ப காலையில இருந்து சவள் துடுப்பு வலிச்சு இன்னும் வலிச்சிக்கிட்டே இரிக்கிறவன்?” என்று ஸுஹைனா கேட்டாள்.

“அது பிரசன்ட் பெர்பெக்ட் கன்டினியுவஸ்.”

ஸுஹைனா மேர்லினின் செருப்பைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். “அக்கா, உங்களுக்கெண்டு ஒரு முழுப் பெட்டி ஒதுக்கிரிக்காங்க.”

டினோஷா முதன்முறையாகச் சிரித்தாள். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

“ஒருத்தருக்கும் விளங்காத பெட்டி இது,” என்று ரீச்சர் கீழ் வரியில் தட்டினார். “பியூச்சர் பெர்பெக்ட். பொழுதுபடுகிறதுக்குள்ள தோணி வந்து சேர்ந்திருக்கும். இன்னும் வராத நாளில போய் நிண்டு, முடிஞ்ச வேலையத் திரும்பிப் பாக்கிற மாதிரி. பக்கத்து வீட்டு நஸ்ஹாதான் இதோட மல்லுக்கட்டினவ. பாலர் பாடசாலைக்கு ஆள் எடுக்கிற நேர்முகம் இங்கிலீசிலயாம், அதுக்கெண்டு வந்தவ. இனி எங்க வாறது, பாவம்.”

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வந்தது றிஷாட். புடவை வியாபாரி, மண்டபக் குழுவின் செயலாளர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கச்சான் காற்றின் புழுதிகூட ஒட்டப் பயந்தது போலிருந்தது.

“மிஸ், நான் ஒருத்தரயும் கள்ளியெண்டு சொல்லல்ல,” என்றான், டினோஷா இருந்த பக்கம் பார்க்காமல். “நடந்ததத்தான் சொல்றன். இந்தக் கட்டடத்துக்கு ரெண்டு கதவு. வகுப்புக் கதவுத் திறப்பு இந்தப் புள்ளட கையில. ஸ்டோர் வெளிக்கதவுத் திறப்பு என்ட கையில. அந்தக் கதவ நான் தொட்டே எத்தினையோ நாள். மிச்சத்த நீங்களே யோசிங்க.”

“வேற ஆரும் திறப்பு வாங்கினாங்களா?”

“ஒருத்தரும் வாங்கல்ல. கேட்டுப் பாருங்க, குழுவில எல்லாரும் சொல்லுவாங்க. ஸ்டோர் திறக்கவேயில்ல.”

பொய் சொல்கிறவர்களை மேர்லின் நிறையப் பார்த்திருக்கிறாள். தானே கொளுத்திய கடைக்கு முன்னால் நின்று மாரடித்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறாள். றிஷாட் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் களைக்கச் செய்தது. பொய் என்றால் ஒரு நுனி அகப்படும், பிடித்து இழுக்கலாம். உண்மை பேசுகிறவனிடம் எதைப் பிடித்து இழுப்பது?

அவன் போன பிறகு ஸுஹைனா சொன்னாள்: “லெப்டொப்ப வெச்சிற்று இலக்கணத்தத் தூக்கின கள்ளனப் பிடிச்சா, பொலிசுக்குக் குடுக்க வேணாம் அக்கா. மேடையில ஏத்திப் பொன்னாட போத்தணும்.”

“முதல்ல பிடிப்பம். ஸ்டோரக் காட்டு.”

மண்டபத்துக்கும் ஸ்டோர் அறைக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு அரைக்கதவு. குனிந்து போக வேண்டியிருந்தது. முழங்கால் முனகியது. உள்ளே பெரிய சட்டிகள், அகப்பைகள், அடுக்கிய கோப்பைகள், தட்டில் வெள்ளைத் துணிச் சுருள்கள், சுவரோரமாகப் பாய் அடுக்கு. மேர்லின் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எல்லாம் வெறும் வெள்ளை. ஏற்கனவே மூன்று பேர் விரித்துப் பார்த்ததுதான்.

“இஞ்ச ஒண்டுமில்ல,” என்று சொல்லிவிட்டு, அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். சாட்சியம் இருக்கிற அறையில் எதன் மீதும் உட்காராதே என்று கம்பனியில் புதிய ஆட்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்தவள், அந்தப் பாய் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். கண்ணை மூடினாள்.

பாவாடையில் ஏதோ குளிர்ந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். மேல் பாய் காய்ந்திருந்தது. அடுத்ததன் விளிம்பு ஈரம். மூக்கில் கற்பூர வாசம் இலேசாக அடித்தது.

“ஸுஹைனா, இந்தப் பாய் ஏன் ஈரம்?”

“கழுவியிரிப்பாங்க.”

“ஆர்?”

“ஜனாஸா வீட்டாக்கள்தான், மவுத்தான ஆளக் கற்பூரத் தண்ணியில குளிப்பாட்டின ஆக்கள். சாமானத் திருப்பித் தரக்குள்ள கழுவித்தான தருவாங்க. நேத்துக் கொண்டுவந்து வெச்சிரிப்பாங்க.”

“அப்ப வெளிக்கதவு திறந்திருக்கு.”

“இல்லயே. றிஷாட் காக்கா சொன்னாரே, ஆரும் திறக்க...”

ஸுஹைனாவின் வாய் பாதியில் நின்றது. மேர்லினுக்குத் தெரிந்து அது அபூர்வமான காட்சி.

“சொல்லு.”

“அது... அதத் திறந்ததெண்டு ஆரும் சொல்றல்ல அக்கா. ஒரு வீட்ல மவுத்தெண்டாச் சாமான் போகும். பாய், சட்டி, துணி எல்லாம் போகும். மழை பெஞ்சா வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி. அத ஆரும் கேக்கிறல்ல, எழுதுறல்ல. நீங்க என்னட்டக் கேட்டிரிந்தாலும் ஸ்டோர் திறக்கல்லயெண்டுதான் சொல்லிரிப்பன். கலியாணத்துக்குத் திறந்தாத்தான் அது திறந்த கணக்கு.”

மேர்லினுக்குத் தன் அப்பா இறந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது. தேவாலயத்து ஆட்கள் நாலு பேர் சவப்பெட்டி வைக்கிற தாங்கியையும் மெழுகுதிரிக் கால்களையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவை வந்த மாதிரியே எழுந்து போயின. அதைப் பற்றி அன்றும் யோசிக்கவில்லை, இன்று வரைக்கும் யோசிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போகிற பொருளை ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை.

முடிந்த வேலை. ஆனால் ஈரம் இருக்கிறது.

“நஸ்ஹாட வீட்டுக்கு மேற்கால என்ன?”

“ஆறுதான், இந்த வாவி. வேறென்ன?”

“அந்தத் திரைக்கு உள்ள இருக்கிற அறையில மேற்கால ஜன்னல் இருக்குமா?”

“ஆத்துக் காத்து வாங்க ஜன்னல் வெக்காத வீடு இந்தத் தெருவில ஏது?” ஸுஹைனாவின் கண் மெல்ல விரிந்தது. “அக்கா...”

“கதைக்காத. றிஷாட்டக் கூப்பிடு. பொழுது சாயிறதுக்கு முதல் அந்த வீட்டு வாசலுக்கு வரச் சொல்லு. ரீச்சரும் டினோஷாவும் வரட்டும். அதுவரைக்கும் நான் இந்தப் பாயில இருக்கிறன்.”

அஸர் தொழுகை முடிந்து வெயில் சரிந்தபோது அவர்கள் எல்லோரும் நஸ்ஹாவின் வீட்டு முன் அறையில் இருந்தார்கள். றிஷாட் மட்டும் வாசற்படிக்கு வெளியே, முறையோடு நின்றான். உம்மா முந்தானையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“என்னகா, ஊர்வலமா வந்திரிக்கீங்க?”

“கொஞ்ச நேரம் இருந்திற்றுப் போறம் மாமி,” என்றாள் மேர்லின். பகலில் இருந்த அதே கதிரையில் உட்கார்ந்தாள்.

“மிஸ், எனக்குக் கடையில ஆளில்ல,” என்றான் றிஷாட்.

“எனக்கும் நேரமில்ல தம்பி. வெயிலுக்குத்தான் காத்திருக்கம்.”

 கோழி ஒன்று வாசலில் கிளறிவிட்டுப் போனது. வாவிக்கு மேலே சூரியன் இறங்க இறங்க, உள் அறையின் ஜன்னல் வழியாக வெளிச்சம் நீளமாக விழுந்தது. முதலில் வெள்ளைத் திரை மஞ்சளானது. பிறகு அதில் கோடுகள் தெரிந்தன. கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு தோணி, வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. எழுத்துகளெல்லாம் முதுகைக் காட்டின.

அஞ்சலா ரீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

“அறபு மாதிரி வலப்பக்கத்தில இருந்து வாசிக்கணும் போல இரிக்கி,” என்றாள் ஸுஹைனா, மிக மெதுவாக.

“அல்லாஹ்வே,” என்று றிஷாட் படியில் ஒரு கால் வைத்தான், பின் எடுத்தான். “இது எப்பிடி இங்க? அப்ப இந்தப் புள்ளதான் கொண்டுவந்து குடுத்ததா?”

டினோஷாவின் முகம் சுருங்கியது. மேர்லின் எழும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“தம்பி, இந்த வீட்ல மவுத்தெண்டு செய்தி வந்த உடனே நீங்க என்ன செஞ்சீங்க?”

“நானா? சாமான் எடுத்துக் குடுத்தன். வேறென்ன செய்ற?”

“எங்கருந்து?”

“ஸ்டோர்ல...” அவன் நிறுத்தினான். “அது ஜனாஸாக்கு மிஸ்.”

“ஓம், ஜனாஸாக்குத்தான். உங்கட தோள்ல என்ன இருந்திச்சு?”

“பாய். மறுகா துணிச் சுருள். மறைப்புக் கட்டுறதுக்கு.” அவன் கை தானாகவே போய்த் தன் வலது தோளைத் தொட்டது. சட்டையில் புழுதி இருக்கிறதா என்று பார்ப்பவன்போல அங்கேயே தடவினான். “தட்டில மேல இரிந்ததத் தூக்கினன். விடியச் சாமம், லைட்டும் போடல்ல. எல்லாம் ஒரே வெள்ள.”

“நாந்தான் வாங்கிக் கட்டின,” என்றாள் உம்மா. “எழுத்து இரிக்கிற பக்கம் உள்ளுக்கு வந்திற்று. மண்டபத்துத் துணியில என்னமோ எழுதியிரிக்காங்கண்டு நினைச்சன். எனக்கு வாசிக்கத் தெரியாகா.”

திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்றின் நிழல் அசைந்தது. நஸ்ஹாவின் குரல் வந்தது. அழுது அழுது தேய்ந்த குரல்.

“உம்மாவுக்குத் தெரியா. எனக்குத் தெரியும் ரீச்சர். மூணு நாள் நான் தல தூக்கல்ல. மறுகாத் தூக்கிப் பாத்தா கண்ணுக்கு முன்னால தோணி. நீங்கதான் குடுத்தனுப்பியிரிக்கீங்கண்டு நினைச்சன். உம்மாட்ட வெளிய சொல்லாதீங்கண்டு நாந்தான் சொன்ன.”

“இத்தாவில இருந்துகொண்டு இங்கிலீசு படிக்கிறாளெண்டா ஊர் என்ன சொல்லும்?” என்றாள் உம்மா. பகலில் திரையை இழுத்த அதே கை இப்போது முந்தானையை முறுக்கியது. “அதான் ஓதுறாண்டு சொன்னன். வாசிக்கிறதும் ஒரு ஓதல்தான, இல்லயா மிஸ்?”

“ஓம் மாமி,” என்றாள் மேர்லின்.

“ஆரு எடுத்தண்டு பழி?” என்று நஸ்ஹா கேட்டாள்.

 டினோஷாவே சொன்னாள்: “நானெண்டு.”

திரை ஒருமுறை ஆடியது.

“உம்மா, கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க. டினோஷா வாங்குல எனக்குப் பக்கத்தில இரிந்த புள்ள. அவட பேருக்கு மேல எனக்கு என்ன திரை?”

உம்மா கதிரையை இழுத்தாள். அதில் ஏறக் காலைத் தூக்கியபோது வாசலிலிருந்து றிஷாட் பேசினான். முகத்தை ஒழுங்கைப் பக்கம் திருப்பியிருந்தான்.

“கழட்ட வேணாம் மாமி.”

“என்ன மகன் சொல்றீங்க?”

“ஜனாஸா வீட்டுக்குப் போன சாமான மண்டபம் திருப்பிக் கேக்கிறல்ல. அவங்களாத் தரணும். நான் செக்கட்டரியா வந்த அண்டைக்கு முதல்ல சொல்லித் தந்த சட்டம் இது.” தொண்டையைச் செருமினான். “நாளைக்குக் கூட்டத்தில நான் சொல்றன். எடுத்தது நாந்தானெண்டு.”

“அங்க சொன்னாக் காணாது,” என்றாள் மேர்லின்.

அவனுக்கு விளங்கியது. அந்தக் கிழமையில் முதல் தடவையாக டினோஷாவைப் பார்த்தான்.

“தங்கச்சி, பிழ என்னிலதான். மன்னிச்சிக்கங்க.”

சட்டைப் பையிலிருந்து ஸ்டோர்த் திறப்பை எடுத்துப் படியின் மேல் வைத்தான்.

“இதயும் நீங்களே வெச்சிக்கங்க. நான் திறந்தா எனக்கே தெரியிதில்ல.”

டினோஷா உடனே எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள். பிறகு குனிந்து எடுத்து, வகுப்புத் திறப்பு இருந்த அதே கயிற்றில் அதையும் கோத்தாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“வகுப்புக்கு நான் வேற ஒண்டு கீறுறன்,” என்று அஞ்சலா ரீச்சர் கண்ணைத் துடைத்தார்.

“சிவப்புத் துணியில கீறுங்க மிஸ்,” என்றாள் ஸுஹைனா. “மவுத்துக்கு ஆரும் தூக்க மாட்டாங்க.”

அந்த வீட்டில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பாதியில் அடங்கியும் போனது.

றிஷாட் போனான். டினோஷா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே போனாள். துணியில் இப்போது இரண்டு நிழல்கள். கொஞ்ச நேரம் அவை ஒன்றாகி நின்றன. பிறகு பிரிந்து, ஒரு நிழலின் விரல் கீழ் வரியில் ஒரு பெட்டிக்குப் போனது. ஒருவருக்கும் விளங்காத பெட்டி.

நஸ்ஹா ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள். நின்று நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் பார்த்துச் சொன்னாள். மேர்லினுக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. அஞ்சலா ரீச்சர் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

“இந்தத் திரை இறங்கிற நாளில, நான் பன்னிரண்டையும் படிச்சு முடிச்சிருப்பன்.”

“சரியா?” என்று மேர்லின் கேட்டாள்.

“எழுத்துக்கு எழுத்துச் சரி. இத விளங்கப்படுத்த நான் எத்தினை தோணி கீறினன் மிஸ்.”

ரீச்சர் உம்மாவோடு குசினிப் பக்கம் போனார். மேர்லின் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கச்சான் காற்று தணிந்திருந்தது. வாவியில் ஒருவன் சவளைத் தோணிக்குள் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி, அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளும் காலை நீட்டினாள். செருப்பு தானாகக் கழன்று விழுந்தது.

ஸுஹைனா தலைக்கவசத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“போவமா? நாளைக்கு ஏறாவூர்ல வேற ஒரு ஆள் வரச் சொல்லியிரிக்கி.”

மேர்லின் அசையவில்லை.

“இப்ப எந்தப் பெட்டிக்க இரிக்கீங்க அக்கா?”

“கரைக்கு வந்திற்றன்,” என்றாள் மேர்லின். “ஈரம் காயட்டும். நீயும் இரி.”